ரயிலோடு கப்பல் ஏறினோம்: ரோமிலிருந்து பலெர்மோவுக்கு ஓர் இரவு

ரோமிலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரம் சொச்சம். நாங்கள் போன ரயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தெரிந்தேதான் அதில் டிக்கெட் எடுத்தேன், ஏனென்றால் அந்த ரயில் வழியில் கப்பல் ஏறுகிறது. நாம் இறங்கிக் கப்பல் மாறுகிற கதை இல்லை. நாம் படுத்திருக்கிற பெட்டியையே கப்பலுக்குள் தள்ளி, மெசினா ஜலசந்தியைத் தாண்டியதும் வெளியே இழுத்து, மறுபடி தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகன் போகிற ரயிலும் முன்பு இப்படித்தான் கடல் தாண்டியது, 2019 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் இப்போது ஆட்களோடு கப்பல் ஏறுகிற ரயில் இந்த வழியில்தான் ஓடுகிறது.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா மூன்று மாத விசாவில் பரமக்குடியிலிருந்து வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர், போட் மெயிலில் போய் வந்தவர், அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். "அங்கயே தனுஷ்கோடில எல்லாரும் இறங்கி, மூட்டை முடிச்சோட கப்பல் ஏறி, தலைமன்னார்ல வேற ரயில் பிடிக்கணும்டா. ரயிலே கப்பல் ஏறுமா? யாரோ உன்ன ஏமாத்திருக்காங்க" என்றார்.

சரி, டிக்கெட். இந்த இரவு ரயிலில் மூன்று விதமான இடம் உண்டு. உட்கார்ந்து போகிற சீட் மலிவு, ஆனால் அம்மாவோடு போகிறவன் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. அடுத்தது குச்செத்தா என்று அவர்கள் சொல்லும் நாலு பெர்த் கேபின், நம்மூர் ஃபர்ஸ்ட் ஏசிக்கும் செகண்ட் ஏசிக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், ஒருவருக்கோ இருவருக்கோ மூவருக்கோ தனிக் கேபின், உள்ளேயே வாஷ்பேசின் இருக்கும். நான் குச்செத்தாவில் ஒரு லோயர், ஒரு அப்பர் எடுத்தேன். பெண்களுக்கு மட்டுமான குச்செத்தா கேபினும் இருக்கிறது, தனியாகப் போகிற பெண்கள் அதைத் தேடி எடுப்பது நல்லது. மலிவு டிக்கெட்டுகள் முதலில் தீர்ந்துபோகும், அவற்றை மாற்றவும் விடமாட்டார்கள், அதனால் தேதி உறுதியான பிறகு எடுங்கள். மலிவில் கிடைத்தாலும் விமானத்தைவிடப் பெரிய லாபம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். விமானத்தில் சூட்கேஸுக்குத் தனிக் காசு, விமான நிலையத்துக்குப் போய் வருகிற செலவு, ஓர் இரவு ஹோட்டல் வாடகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகிறது.

இத்தனை நாள் என்று கணக்கு வைத்து ஐரோப்பிய ரயில்களில் போகவிடுகிற யூரெயில் பாஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ் இருந்தால் மட்டும் இரவு ரயிலில் ஏறிவிட முடியாது, பெர்த்துக்குத் தனியாக ரிசர்வேஷன் கட்டணம் கட்ட வேண்டும். நல்ல விஷயம், நள்ளிரவுக்கு முன் ஏறி, அதே ரயிலில் மறுநாள் இறங்கினால் பாஸில் ஒரு நாள்தான் கழியும்.

டிக்கெட்டில் ஒரு வரியை நான் சரியாகக் கவனிக்கவில்லை, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

ரயில் இரவு பதினொரு மணி வாக்கில் ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து கிளம்புகிறது. இதில் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. தெர்மினியின் கீழ்த்தளத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, அங்கே தண்ணீர், ரொட்டி, பழம் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார், அதனால் நான் தண்ணீர் மட்டும் வாங்கினேன். பிளாட்பாரம் எண்ணைக் கடைசி நேரத்தில்தான் பலகையில் போடுகிறார்கள். அது வரும்வரை நூறு பேர் கழுத்தை அண்ணாந்து நிற்பதும், வந்ததும் நூறு பேரும் ஒரே பக்கம் ஓடுவதும் எழும்பூரில் பார்த்த காட்சிதான். பிளாட்பாரத்துக்குள் நுழைகிற இடத்திலேயே டிக்கெட் பார்க்கிறார்கள், அதனால் போனில் சார்ஜ் இருக்கட்டும்.

கேபினில் எங்களோடு ஒரு வயதான தம்பதி. செஃபலூவில் இறங்குகிறவர்கள், மகள் வீட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். எனக்கு இத்தாலிய மொழி நாற்பது வார்த்தை தெரியும், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பத்து நிமிஷத்தில் அம்மாவும் அந்தப் பாட்டியும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படி என்று கேட்காதீர்கள், கையாலேயே பேசினார்கள். புளியோதரையில் ஒரு பிடி அந்தப் பக்கம் போனது, ஒரு பொட்டலம் பாதாம் பிஸ்கட் இந்தப் பக்கம் வந்தது.

போர்வை, தலையணை, விரிப்பு பாக்கெட்டாக பெர்த்தில் இருந்தன. விரித்துக்கொள்வது நம் வேலை. கதவை உள்ளிருந்து பூட்டலாம், கூடவே ஒரு கொக்கியும் உண்டு. அம்மாவுக்கு அது போதவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சங்கிலியால் சூட்கேஸைப் பெர்த்தின் காலோடு பிணைத்துப் பூட்டி, சாவியைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டார். கை கால் கழுவித் துடைத்த மஞ்சள் துண்டை ஜன்னல் கம்பியில் விரித்துக் காயப்போட்டார். "அம்மா, இது என்ன நம்ம வீட்டுக் கொடியா, வெளிய இருந்து பார்த்தா நல்லாவா இருக்கும்" என்று நான் கடிந்துகொண்டேன். அவர் காதில் வாங்கவில்லை.

தூக்கம் பரவாயில்லை ரகம். அப்பர் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, ஏசி ஒரு நேரம் குளிரும் ஒரு நேரம் புழுங்கும், நடு இரவில் எங்கோ நின்று யாரோ சூட்கேஸை வராந்தாவில் உருட்டிக்கொண்டு போனார்கள். காது அடைப்பான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பெட்டியின் கோடியில் இருக்கிறது, காலையில் ஐந்தரைக்கே போய்விட்டால் சுத்தமாக இருக்கும்.

வில்லா சான் ஜொவான்னி. இத்தாலியின் பாத முனையில் இருக்கிற சின்ன ஊர், எதிரே மூன்று கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் சிசிலி. விடிகிற நேரத்தில் அங்கே ரயில் நின்றது. விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது, ஏசி நின்றுபோனது. மின்சார இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள். அப்புறம் ஷண்டிங். முன்னே போகும், நிற்கும், டொக்கென்று ஓர் இடி, பின்னே வரும், நிற்கும். முழு ரயிலும் கப்பலின் நீளத்துக்கு அடங்காது, அதனால் துண்டு துண்டாக வெட்டி, கப்பலுக்குள் இருக்கிற தண்டவாளங்களில் பக்கம் பக்கமாக அடுக்குகிறார்கள். கப்பலின் முகப்பு வாயைப் பிளந்ததுபோல் திறந்திருக்கும், கரையிலிருக்கிற தண்டவாளம் அப்படியே உள்ளே போய்ச் சேரும். ஜன்னல் வழியே வானம் தெரிந்துகொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புச் சுவர் வந்து அதை மூடியது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏறிருச்சா?" என்றார். ஏறிவிட்டது என்றேன். "அட பாவி" என்றார், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்த ஏற்றுகிற வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் போல ஆகிறது. கடல் தாண்டுவது அரை மணிதான். பலர் இதைத் தூங்கியே கழித்துவிடுகிறார்கள். நீங்கள் தூங்காதீர்கள், இதற்காகத்தானே விமானத்தை விட்டோம்! பெட்டியின் கதவைத் திறந்துவிடுகிறார்கள், இறங்கி, இரண்டு பெட்டி வரிசைக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற சந்தில் நடந்து, செங்குத்தான படி ஏறினால் மேல்தளம். முழங்கால் வலியோடு அம்மா ஏறினார், எங்கள் கேபின் பாட்டி படுத்தே இருந்தார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. கலாப்ரியா மலைகளுக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து எதிரே மெசினா ஊரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அரிவாள் மாதிரி வளைந்த துறைமுகம், அதன் நுனியில் உயரமான தூண், தூணின் மேல் தங்க நிறத்தில் மாதா சிலை. அம்மா கும்பிட்டுக்கொண்டார். மேல்தளத்துக் கடையில் அரன்சீனோ வாங்கினோம், கிரிக்கெட் பந்து அளவில் சோற்றை உருட்டி, உள்ளே கறி வைத்துப் பொரித்தது. "சோத்துல போண்டா" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். தீவின் கிழக்கே இதை ஆண்பாலில் அரன்சீனோ என்றும் பலெர்மோ பக்கம் பெண்பாலில் அரன்சீனா என்றும் சொல்கிறார்கள், இதற்காக அவர்களுக்குள் சண்டையே உண்டு.

இந்த ஜலசந்தியில் பாலம் கட்டுகிற பேச்சு பல தலைமுறையாக நடக்கிறது. நடுவில் தூணே இல்லாமல் 3.3 கிலோமீட்டர் தொங்கு பாலம், 1,350 கோடி யூரோ செலவு. 2025 ஆகஸ்டில் அரசு ஒப்புதல் கொடுத்தது, அக்டோபரிலேயே அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் அந்த ஒப்புதலை ஏற்க மறுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன், தினமும் கடந்து வேலைக்குப் போகிறவன் வேறு மாதிரி பேசுவான்.

இப்போது அந்த டிக்கெட் வரிக்கு வருகிறேன். மெசினாவில் இறங்கியதும் இந்த ரயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி வடக்குக் கரையோரம் மேற்கே பலெர்மோவுக்கு. மறு பாதி தெற்கே கத்தானியா வழியாகச் சிராகுசாவுக்கு. உங்கள் பெட்டி எண்தான் நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்கிறது. இரவில் நான் எண்ணைப் பார்த்துத்தான் ஏறினேன், ஆனால் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. போனைக் கேபினில் பவர் பேங்கோடு செருகிவிட்டு, அம்மாவின் போனை மட்டும் எடுத்து வந்திருந்தேன். டிக்கெட் என் போனில்.

இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. எல்லாரோடும் நாங்களும் படி இறங்கினோம். அது வேறு படி. கீழே பார்த்தால் நாங்கள் விட்டுப்போன சந்து இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெட்டிகள், மங்கலான விளக்கு, காலுக்கடியில் கப்பல் இன்ஜினின் அதிர்வு. முதலில் தெரிந்த கதவில் ஏறினேன், கேபின் மாதிரியே கேபின், உள்ளே யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் இருந்த தாளைப் படித்தேன், சிராகுசா. வயிறு கலங்கிவிட்டது. சூட்கேஸ், பாஸ்போர்ட், மருந்து டப்பா எல்லாம் பலெர்மோ போகும், நாங்கள் சிராகுசா போவோம். அதுவும் அம்மா தானே பூட்டிய பூட்டு, சாவி எங்களிடம், சூட்கேஸ் அங்கே.

சீருடை போட்ட ஒருவர் வந்தார். "பலெர்மோ, பலெர்மோ" என்று கத்தினேன். அவர் கப்பலின் மறுபக்கத்தைக் காட்டி ஏதோ வேகமாகச் சொன்னார், பாதி புரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சந்துக்கு நடந்தேன். அங்கேயும் ஒரே மாதிரி ஏழெட்டு பெட்டி. நான் கதவு கதவாக எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அம்மா என்னை இழுத்து நிறுத்தினார்.

"அந்தா தெரியுது பாரு நம்ம துண்டு."

ஜன்னலில் மஞ்சள் துண்டு.

உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மா, "வெளிய இருந்து பார்த்தா நல்லாவா இருக்கு?" என்றார். நானும் கேட்டுக்கொண்டேன், வேறு வழி? இறங்குவதற்கு முன் பெட்டி எண்ணையும், எந்தப் படியில் ஏறினோம் என்பதையும் போட்டோ எடுத்து வையுங்கள். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உடம்போடு இருக்கட்டும். ஜன்னலில் ஏதாவது தொங்கவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மெசினாவிலிருந்து பலெர்மோ வரை கடல் வலது பக்கம் கூடவே வருகிறது. குகை, கடல், எலுமிச்சைத் தோட்டம், மறுபடி குகை. பல இடத்தில் ஒற்றைத் தடம், எதிர் வண்டிக்காக நிற்கிறது. செஃபலூவில் பெரிய பாறைக்கு அடியில் ஊர், 1131-இல் கட்டத் தொடங்கிய நார்மன் காலத் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் ரயிலிலிருந்தே தெரிந்தது. தம்பதி அங்கே இறங்கினார்கள், பாட்டி அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், அம்மா வெட்கத்தில் சிவந்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 50 நிமிஷம் தாமதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 60 நிமிஷம் தாமதமானால் டிக்கெட் காசில் 25 சதவீதம், 120 நிமிஷமோ அதற்கு மேலோ போனால் 50 சதவீதம் திருப்பிக் கேட்கலாம். பத்து நிமிஷத்தில் காசு போச்சே என்று நான் சொல்ல, "வண்டி சீக்கிரம் வந்ததுக்கு வருத்தப்படுற ஒரே ஆளு நீதான்டா" என்றார் அம்மா.

பலெர்மோ நிலையத்து வாசலில் நின்றே சித்திக்கு போன் போட்டார். "ஏ புள்ள, ரயிலு கப்பல்ல ஏறிச்சுடி. நான் உள்ள இருந்தேன்." சித்தி நம்பவில்லை, வீடியோ அனுப்பச் சொன்னார். வீடியோ அம்மாவின் போனில் இருந்தது. மேல்தளத்தில் கடலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் அதை நிறுத்த மறந்திருக்கிறேன். நாலரை நிமிஷ வீடியோவில் கடல் அரை நிமிஷம், மீதி முழுக்க என் சட்டைப்பையின் இருட்டு, நடுநடுவே நான் பலெர்மோ பலெர்மோ என்று அலறுவது மட்டும் கேட்கிறது. அதை அப்படியே சித்திக்கு அனுப்பிவிட்டார்.