வாடகை நிலுவையிலிருந்து மீண்ட இரண்டரை வருடம்

2009 இலிருந்து கிழக்கு லண்டனில் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் இலாப நோக்கற்ற நிறுவனம்) வீட்டில் இருக்கிறோம். மூன்று அறை. கதை நடந்த நேரம் வாடகை கிழமைக்கு 148 பவுண்ஸ். 2022 ஒக்டோபரில் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. கடை வேலை அன்றோடு நின்றது. இவரைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் நானும் என் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். வாடகைக்கான பழைய அரச உதவியான ஹவுசிங் பெனிஃபிட் நின்று, பல உதவிகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறினோம்.

முன்பெல்லாம் வாடகைக் காசை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை. கவுன்சிலிலிருந்து (உள்ளூராட்சி மன்றத்திலிருந்து) நேரே வீட்டுக்காரருக்குப் போய்விடும். யூனிவர்சல் கிரெடிட் அப்படியில்லை. வாடகைப் பங்கும் சேர்ந்து எங்கள் வங்கிக் கணக்குக்கே வரும், நாங்கள்தான் எடுத்துக் கட்ட வேண்டும். எனக்கு அது விளங்கியிருக்கவில்லை. முதல் காசு வர ஐந்து கிழமை ஆகும். அந்த ஐந்து கிழமையும் கைமாற்றாக வாங்கித்தான் சாப்பிட்டோம். காசு வந்ததும் கைமாற்றை அடைத்தேன், காஸ் பில்லைக் கட்டினேன். வாடகை வழக்கம்போல் போய்விட்டது என்றே நினைத்தேன். 2023 பெப்ரவரியில் நிலுவை இரண்டு மாத வாடகையைத் தாண்டியிருந்தது.

கடிதங்கள் வந்தபடியே இருந்தன. குசினி லாச்சிக்குள் போட்டேன். ஆஸ்பத்திரிக் கடிதங்களே என்னால் தாங்க முடியாமல் இருந்த நேரம் அது. ஒரு நாள் வந்த தடித்த உறையைச் சின்ன மகன் பிரித்து வாசித்தான். அவனுக்கு அப்போது 12 வயது. "அம்மா, எங்கட வீட்டை எடுக்கப் போகினமாம்" என்றான். அதற்குப் பிறகு பல நாள் அவன் இரவில் நித்திரை கொள்ளவில்லை. இந்தக் கதை முழுவதிலும் இன்றும் என்னால் ஆற முடியாத இடம் அதுதான்.

எங்களைக் காப்பாற்றியது அந்தக் கடிதங்கள் அல்ல, படிக்கட்டுக் கூட்டும் கேர்டேக்கர். பதினொரு வருடமாக அதே கட்டடத்தில் வேலை செய்பவர். இவர் வெளியே வராததையும் என் முகத்தையும் கவனித்து, அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை டெனன்சி சஸ்டெயின்மென்ட் ஆபிசர், அதாவது வாடகைக்காரர் வீட்டை இழக்காமல் இருக்க உதவும் அலுவலர், ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகன் மொழிபெயர்க்க எழும்பியபோது, "இது பிள்ளையின் வேலை இல்லை" என்று அவனை இருத்திவிட்டு, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். லாச்சியைத் திறந்து கொடுத்தேன். எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கினார்.

நாங்கள் எவ்வளவு ஆபத்தில் இருந்தோம் என்பது அன்றுதான் விளங்கியது. கிழமை வாடகைக்காரர் குறைந்தது எட்டுக் கிழமை வாடகையை நிலுவை வைத்தால், ஹவுசிங் அசோசியேஷன் அப்போது 'கிரவுண்ட் 8' என்ற விதியில் வழக்குப் போடலாம். வழக்கு விசாரணை நாளிலும் அந்த நிலுவை இருந்தால், நீதிபதி இரங்கவும் வழியில்லை, வீட்டை ஒப்படைக்கச் சொல்லியே ஆக வேண்டும். கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த விதி கிடையாது. அதேநேரம் இங்கிலாந்தில் சமூக வீட்டுவசதி நிறுவனங்கள் வழக்குக்கு முன் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறை ஒன்றும் இருக்கிறது: நிலுவை ஏன் வந்தது என்று கேட்க வேண்டும், உதவித்தொகை எடுக்க உதவ வேண்டும், கட்டக்கூடிய தவணையில் உடன்பட்டு அதை ஒழுங்காகக் கட்டினால் வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும். நோட்டீஸ் வந்த யாரும் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் வேலையாக, வாடகைப் பங்கை நேரே அசோசியேஷனுக்கே அனுப்பும்படி விண்ணப்பித்தோம். இரண்டு மாத நிலுவை இருந்தால் அப்படிக் கேட்கலாம். பழைய நிலுவைக்குக் கிழமைக்கு 10 பவுண்ஸ் என்று உடன்பட்டோம். 25 கேட்டிருந்தால் இரண்டாம் மாதமே தவறியிருப்பேன். ஆபிசரே என் செலவுகளை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பத்து என்றார்.

அறைப் பிரச்சினைதான் இழுத்தது. மூத்தவன் வேலை கிடைத்து லெஸ்டருக்குப் போனதும், ஓர் அறை மேலதிகம் என்று வாடகைப் பங்கில் 14 சதவீதம் வெட்டு விழுந்தது. கிழமைக்கு 20 பவுண்ஸுக்கு மேல். ஆனால் இவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில், இரவில் இரண்டு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு பேர் படுக்க இடமே இல்லை. இப்படிப்பட்ட தம்பதியருக்காக 2016 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2017 ஏப்ரலில் விதியும் மாறியிருக்கிறது என்று ஆபிசர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. உரிய இயலாமை உதவித்தொகையும் மருத்துவச் சான்றும் இருந்தால் அந்த அறையை மேலதிகமாகக் கணக்கெடுக்கக் கூடாது. தெரப்பிஸ்டிடம் கடிதம் வாங்கி, யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னலில் ஏற்றினோம். முடிவு வரும்வரை, வெட்டை ஈடுகட்ட கவுன்சிலின் விருப்புரிமை வீட்டு உதவி (டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட்) கிடைத்தது. அதற்கும் தனி விண்ணப்பம் வேண்டியிருந்தது, தானாக வரவில்லை. கடைசியில் அறை எங்களுக்கே என்று முடிவானது. 2025 கோடையில் கடைசிப் பத்துப் பவுண்ஸைக் கட்டினேன்.

வீடு போயிருந்தால் லண்டனில் எங்கோ தெரியாத பரோவில் (வேறொரு கவுன்சில் பகுதியில்) தற்காலிக அறைக்குள் போயிருப்போம். மகனின் பள்ளிக்கூடம், இவரின் பிசியோ எல்லாம் அறுந்திருக்கும். நான் ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களில் மகனுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டுச் சோமாலிய அக்காவும் இருந்திருக்க மாட்டார். எங்கள் கட்டடத்தில் 24 வீடு, பாதிக்கு மேல் பத்து வருடத்துக்கு மேலாக ஒரே ஆட்கள். ஒருவரை வெளியேற்றினால் அந்த வீடு மட்டும் காலியாவதில்லை, அவரை நம்பியிருந்த நாலு வீடும் ஆடிப்போகும். கேர்டேக்கரை நிறுத்தி மாதம் ஒருமுறை துப்புரவுக்கு வான் அனுப்பும் நிறுவனங்கள் எதை இழக்கின்றன என்று யோசிக்க வேண்டும்.

இப்போது புதிதாகக் குடிவருபவர்களை ஆறாவது கிழமையில் பார்க்க அந்த ஆபிசரோடு நானும் போகிறேன். ஆறாவது கிழமை என்பது நான் கேட்டு வைத்தது, முதல் காசு வந்தவுடன் போக வேண்டும் என்று. போன மாதம் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு இருந்தாள். அவளின் போனில் யூனிவர்சல் கிரெடிட் அறிக்கையைத் திறந்து, வீட்டு வாடகை என்ற வரியைக் காட்டி, "இது உங்கட காசு இல்லை பிள்ளை, இண்டைக்கே கட்டுங்கோ" என்றேன். நான் அங்கேயே இருக்க, அவள் கட்டி முடித்தாள்.