வெள்ளிக்கிழமைச் சோறு

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

கடைசி லூமி இன்று தீர்ந்துவிட்டது. போன வருஷம் ஜூனில் மஸ்கட்டை விட்டுக் கிளம்பும்போது மத்ரா சந்தையில் ஒரு கிலோ வாங்கி, சேலைகளுக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்தேன். அந்தச் சேலைகளை எத்தனை தடவை துவைத்தும் இரண்டு மாதம் வாசம் போகவில்லை. எண்ணி எண்ணிப் போட்டும் பத்து மாதம்தான் வந்தது.

லூமி என்பது காய்ந்த எலுமிச்சை. முழுப்பழத்தை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவிடுவார்கள். தோல் பழுப்பாகி, கறுத்து, உள்ளே சதை சுருங்கி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஈரானில் இதற்கு 'லிமூ அமானி', அதாவது ஓமான் எலுமிச்சை என்றே பெயர். புளிப்புதான். ஆனால் புளியின் புளிப்பும் இல்லை, பச்சை எலுமிச்சையின் புளிப்பும் இல்லை. லேசான கசப்பும் பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற ஒரு வாசமும் அதோடு சேர்ந்திருக்கும்.

இது விழுந்தால்தான் மஜ்பூஸ். கோழியை மசாலாவோடு வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே அரிசியைப் போட்டு இறக்குகிற சோறு. எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளிக்கிழமைச் சோறு என்று பெயர். நாங்கள் போன 2013-இல்தான் ஓமானில் வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. ஆனால் இவர் வேலை பார்த்த இடத்தில் வெள்ளி மட்டும்தான் லீவு. வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. வீடு கழுவி, விளக்கேற்றி, சாம்பார்தான். அதனால் வெள்ளிக்கிழமைச் சோறு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டது. பெயரை மட்டும் பிள்ளைகள் மாற்றவில்லை. "அம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வெள்ளிக்கிழமைச் சோறு உண்டுல்லா?" என்று மகள் கேட்டபோது அத்தை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மே 1, வியாழன்

சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் மகன் மோரைக் குடித்துவிட்டு, "லபன் மாதிரியே இருக்கும்மா" என்றான். பக்கத்து இலையில் இருந்த சித்தி ஒருவர், "இன்னும் துபாய் நெனப்புலதான் இருக்கிய" என்றார். நாங்கள் துபாயில் இருந்ததே இல்லை.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனது சரியாகவே இல்லை. வெளிநாட்டுப் பழக்கம் என்றால் எல்லாரும் பகட்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மஸ்கட்டில் வாதி கபீரில் இரண்டு அறை வாடகை வீடு. மாதக் கடைசியில் ரியாலை விட்டுப் பைசாவை எண்ணியிருக்கிறோம் (அங்கே ஒரு ரியாலுக்கு 1000 பைசா). அந்த வீட்டில் தின்றதைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். மகன் கைக்குழந்தையாகப் போனவன், மகள் அங்கேயே பிறந்தவள். அவர்களுக்கு அது வெளிநாட்டுச் சாப்பாடு இல்லை, அம்மா ஆக்கிப் போட்டது.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. 28 வரைக்கும் உண்டு. இந்த வெயிலை விட்டால் வேறு எப்போது என்று தோன்றியது. மார்க்கெட்டில் புளியங்குடிப் பழம் 60 வாங்கினேன், தோல் மெலிசானதாகப் பார்த்து. கோடையில் எலுமிச்சை விற்கிற விலைக்கு இவர் முகம் சுளிப்பார் என்று பயந்தேன். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "லூமிக்கா?" என்று மட்டும் கேட்டார். வந்த இந்தப் பத்து மாதத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் இன்றுதான் கேட்டேன்.

மே 5, திங்கள்

காலையில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழங்களைப் போட்டேன். நாலு வெடித்துவிட்டது. மீதி 56-ஐ எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பித் தட்டட்டிக்குக் கொண்டுபோனேன்.

பத்து மணிக்கு வத்தல் திருப்பிப்போட வந்த அத்தை பார்த்துவிட்டார். என்ன ஏது என்று சொன்னேன். ஒரு பழத்தை எடுத்து அழுத்தி, முகர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம உப்பு நார்த்தங்கா மாதிரில்லா இருக்கு. அறுக்காம போட்டிருக்க, அவ்ளோதான்."

"ஆமா அத்தை, அதே மாதிரிதான்."

"அப்போ தாம்பாளத்துல ஏன் வச்ச? அடிப்பக்கம் வேர்த்துப் பூத்துரும். சுளவுல போடு, காத்து கீழேயும் போகும்."

அவரே கீழே போய் இரண்டு சுளவு கொண்டுவந்து பழங்களை மாற்றினார். ஒன்றோடொன்று முட்டாமல், காம்பு இருந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி. நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அறுத்து, உப்பை அடைத்து, பகலில் வெயில், ராத்திரி பரணி என்று 40 வருஷமாகப் போடுகிற கை. நான் ஓமானில் லூமியை வாங்கித்தான் பழக்கம், போட்டதில்லை. போடத் தெரிந்தவர் இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

மே 9, வெள்ளி

சாம்பார். சுளவில் ஐந்தாம் நாள். பழம் மஞ்சள் போய் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கிறது.

மே 11, ஞாயிறு

மாமா டவுனுக்குப் போய் அல்வா வாங்கி வந்தார், இலையில் நெய் வடிய வடிய. மகன் ஒரு வாய் போட்டுவிட்டு, "தாத்தா, ஓமானிலேயும் அல்வா உண்டு" என்று ஆரம்பித்துவிட்டான். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறானே என்று நான் கண்ணைக் காட்டினேன். மாமாவோ நிஜமாகவே ஆர்வமாகிவிட்டார். கோதுமைப்பாலா என்று கேட்டார். இல்லை, அங்கே மாவுச்சத்து, சர்க்கரை, நெய், பன்னீர், குங்குமப்பூ, ஏலக்காய் என்றேன். பெரிய செம்புப் பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிண்டுவார்கள் என்றதும், "கிண்டுறது எங்கேயும் ஒண்ணுதான்" என்றார்.

அந்த அல்வாவோடு கஹ்வா தருவார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத ஏலக்காய்க் காப்பி, கைப்பிடியில்லாத குட்டிக் கிண்ணத்தில். கீழ்வீட்டு ஓமானி அம்மாவிடம்தான் முதலில் குடித்தேன். குடித்து முடித்ததும் ஊற்றினார். குடித்தேன், மறுபடி ஊற்றினார். நாலாவது தடவைதான் சொல்லிக்கொடுத்தார்: போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். என் மகள் இன்றைக்கும் பால் போதும் என்றால் டம்ளரை ஆட்டுகிறாள். அத்தை அதை 'இன்னும் வேணும்' என்று புரிந்துகொண்டு ஒரு வருஷமாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளையும் ஆச்சி ஊற்றினாளே என்று குடித்திருக்கிறாள். இன்று விளக்கிச் சொன்னபோது அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயத் தொறந்து சொல்லப்படாதா தாயி" என்று அவளை மடியில் இழுத்துக்கொண்டார்.

மே 14, புதன்

சாயங்காலம் இவருக்குக் கரக் போட்டேன். தேயிலையும் ஏலக்காயும் தண்ணீரில் நன்றாகக் கொதித்த பிறகு சுண்டிய பால் விட்டு மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். அங்கே டின்னில் ரெயின்போ பால் வரும். இங்கே பாலை நானே சுண்டக் காய்ச்சிக்கொள்கிறேன்.

இவர் மஸ்கட்டைப் பற்றிப் பேசுவதில்லை. வேலை போனது யார் மேலும் பழி சொல்லக்கூடிய விஷயம் இல்லை. சொந்த நாட்டுக்காரர்களுக்கு வேலையில் முதலிடம் என்பது அங்கே 1988-லிருந்தே உள்ள கொள்கை. அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வேலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் 11 வருஷம் அளந்து கணக்குப் போட்ட கட்டடங்களை விட்டு ஒரு மாத நோட்டீசில் வருவது லேசில்லை. டீயைக் குடித்துவிட்டு, "ஏலக்கா கொஞ்சம் கூடுதல்" என்றார். கிளாஸ் காலி.

மே 18, ஞாயிறு

லூமி இல்லாமல், எலுமிச்சையைப் பிழிந்து மஜ்பூஸ் வைத்தேன். பிள்ளைகள் பெரிய தட்டில் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று பிடிவாதம். அங்கே அப்படித்தான், ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கம் இருப்பதை அவரவர் எடுத்துச் சாப்பிடுவது.

அத்தைக்கு அது எச்சில். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் வளர்ந்த முறை அது, அதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தனித்தட்டு வைத்தேன். சோறு கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

மே 24, சனி

கேரளத்தில் பருவமழை இன்றே தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1. நேற்றிலிருந்து இங்கேயும் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. ஊரே குற்றாலம் போவதைப் பற்றிப் பேசுகிறது. எனக்குச் சுளவு மேல்தான் நினைப்பு. மத்தியானம் நாலு தூறல் விழுந்ததும் நானும் அத்தையும் ஒரே நேரத்தில் மாடிப்படி ஏறி ஓடினோம்.

சுளவைக் கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது மகன் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்தான். "ஆச்சி, இந்தக் காத்துதான் சலாலாவுக்கும் போகுது." அவன் சொன்னது சரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஓமானின் தெற்கு ஓரத்தை உரசிக்கொண்டு போகும். நாட்டின் மற்ற இடமெல்லாம் வெயிலில் வேகும்போது சலாலா மலை மட்டும் பச்சையாகிவிடும். கரீஃப் என்பார்கள். 2022-இல் மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அங்கே ரோட்டோரம் முழுக்க இளநீர்க் கடை, வாழைத்தார். இவர் காரை நிறுத்திவிட்டு இறங்கி, முகத்தில் சாரல் பட நின்றார். "தென்காசி ரோடு மாதிரியே இருக்கு" என்றார். வெகுநேரம் காரில் ஏறவே இல்லை.

இதை மகன் சொல்லச் சொல்ல அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். "எம்புள்ள அங்கனயும் நம்ம சாரலத்தான் தேடியிருக்கான்" என்றார்.

மே 27, செவ்வாய்

மூன்று நாளாக வெயில் இல்லை. 11 பழத்தில் வெள்ளைப் பூஞ்சணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியாகப் போட்டு, மீதியை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அடுப்பு மேலே இருக்கிற பரணில் வைத்தார். ஈரம் இருந்தாலும் அடுப்புச் சூடு வாங்கிக்கொள்ளும் என்றார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. மகனுக்குச் சப்பாத்தியில் சீஸ் தடவி, உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவி, மிளகாய் சாஸ் விட்டுச் சுருட்டிக் கொடுத்தேன். அங்கே மலையாளிகளின் டீக்கடையில் பரோட்டாவில் 'சிப்ஸ் ஓமன்' பாக்கெட்டை உடைத்துப் போட்டுச் செய்வார்கள். பாதியைப் பக்கத்துப் பையன் தின்றுவிட்டானாம். நாளைக்கு இரண்டு வேண்டும் என்கிறான்.

வெயில் திரும்பிவிட்டது. சுளவு மறுபடி தட்டட்டியில்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். இவரோடு படித்த மேலப்பாளையத்து நண்பர் ஆட்டுக்கறி கொடுத்துவிட்டார். ஓமானில் இந்தப் பெருநாளுக்கு ஷுவா செய்வார்கள். மசாலா தடவிய கறியை இலையில் சுற்றி, மண்ணுக்குள் தோண்டிய அடுப்பில் ஒரு நாள், இரண்டு நாள் மூடிவைத்து எடுப்பது. கீழ்வீட்டு அம்மா அனுப்புகிற பாத்திரத்தை நான் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை, பொங்கலோ அதிரசமோ வைத்துத்தான் கொடுப்பேன். அவரும் என் பாத்திரத்தைக் காலியாக அனுப்பமாட்டார். மேலப்பாளையத்துத் தூக்குச்சட்டியில் இன்று அத்தை முறுக்கு வைத்தார். நான் அதோடு மூன்று லூமி வைத்தேன்.

ஆமாம், தயாராகிவிட்டது. கறுப்பில்லை, கரும்பழுப்பு. காதருகே ஆட்டினால் விதை கலகலக்கிறது. இரண்டை எடுத்து அம்மிக்குழவியால் தட்டினேன். விதை கசக்கும், எடுத்துவிட வேண்டும். கறியில் போட்டுக் குக்கரை மூடி, ஆவி வந்ததும் கூடத்தில் இருந்த இவர் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

மத்ரா லூமி மாதிரியே இருக்கிறதா என்றால் இல்லை. கசப்பு ஒரு பங்கு கூடுதல், அந்த மரப்பெட்டி வாசம் இன்னும் ஏறவில்லை. மகன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். இவர் குழைந்த லூமி ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வைத்து விரலால் அழுத்திச் சோற்றோடு பிசைந்தார், அங்கே சைட்டில் கட்டட வேலைக்காரர்களோடு சாப்பிடும்போது அப்படித்தான் செய்வார்களாம். பத்துப் பேருக்கு ஒரு தாம்பாளம், கறித்துண்டில் நல்லதை எப்போதும் இவர் பக்கம் தள்ளிவிடுவார்களாம். எனக்கே இது தெரியாது. அத்தை சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அடுப்படி அலமாரியில் நார்த்தங்காய்ப் பரணி பக்கத்தில் இன்னொரு கண்ணாடிப் பரணி. அத்தை எல்லாப் பரணியிலும் ஒட்டுகிற மாதிரி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்: 'லூமி, வைகாசி'. எண்ணிப் பார்த்தேன், 40 இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு என்றால் ஐப்பசி வரை வரும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும், ஆவணி வெயிலிலேயே அடுத்ததைப் போட்டுவிட வேண்டும் என்கிறார் அத்தை. இந்தத் தடவை 100 பழம்.