320 ஓலைக் கொட்டான்களும் ஒரு பழைய பத்திரிகையும்

2025 வைகாசியில் எனக்குக் கல்யாணம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊருக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. மஹால் எதுவும் பிடிக்காமல் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டோம். பத்திரிகை, தாம்பூலக் கொட்டான் (வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற சின்ன ஓலைப்பெட்டி), தோரணம் என்று கையால் ஆகக்கூடியதை எல்லாம் கையாலேயே செய்தோம், பரணில் கிடந்த பாத்திரங்களை இறக்கிப் புழங்கினோம். எப்படிச் செய்தீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். சறுக்கின இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், அதுதான் அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும்.

ஆரம்பம் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி. நிச்சயம் முடிந்த வாரம் அவர் அதைத் திறந்து காட்டியபோது அடியில் நாலாய் மடித்த ரோஸ் காகிதம் ஒன்று இருந்தது, அவருடைய கல்யாணப் பத்திரிகை. 'நிகழும் விசுவாவசு வருஷம் வைகாசி மாதம்' என்று தொடங்குகிறது. விசுவாவசு அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், 1965-66க்கு அப்புறம் 2025-26. எனக்கு நாள் குறித்திருந்ததும் அதே வருஷம், அதே வைகாசி. படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பத்தாவுக்குத் தையிலேயே நடந்திருக்க வேண்டியதாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனதில் தாத்தா வழிச் சொந்தத்திலும் சாவு விழுந்து, நாலு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு வேறு பத்திரிகை யோசிக்க எனக்கு மனசு வரவில்லை. அதே வாசகம், அதே ரோஸ் தாள் என்று முடிவு செய்தேன்.

ஆனால் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தால் அந்த முகம் வரவில்லை. காரணம் எழுத்து. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை, ணை, னை எல்லாம் தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கின மாதிரி இருக்கும், னா, றா எல்லாம் துணைக்கால் இல்லாமல் ஒரே சுழியில் முடியும். என்னிடம் இருந்த எழுத்துருக்களில் அது இல்லை. ராமநாதபுரத்தில் விசாரித்து, ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் பரமக்குடிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பெரியவர் ஒருவர் காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரெடில் அச்சு மெஷினைத் துடைத்து வைத்திருந்தார். ரசீது புத்தகத்துக்கு நம்பர் போட மட்டும் அதை ஓட்டுகிறாராம். மர அறைகளில் ஈய எழுத்துகள் தூசியோடு இருந்தன. அவர் ஒரு லை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், தலையில் அந்தத் தும்பிக்கை, இடவலம் மாறி. ஒரு பக்கத்துக்கு வேண்டிய 'ம்' அவரிடம் போதுமான அளவு இல்லை, அதனால் மேல் பாதியை ஒரு நாள் கோத்து அடித்து, பிரித்து, கீழ்ப் பாதியை மறுநாள் கோத்து அடித்தார். அடித்த பத்திரிகையைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டும். அப்பத்தா கண்ணாடி இல்லாமல் தடவிப் பார்த்தே சிரித்தார். இந்த வேலைக்கு இரண்டு வாரம் இருக்கும் என்று நினைத்தேன், ஐந்து வாரம் ஆனது. மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள்.

அடுத்தது கொட்டான். பிளாஸ்டிக் கலந்த தாம்பூலப் பை வேண்டாம் என்பதில் நானும் அவரும் (மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன்) உறுதியாக இருந்தோம். எங்கள் மாவட்டத்தில் பனைக்கா பஞ்சம்? பக்கத்து ஊரில் பெட்டி முடைகிற அக்கா ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். குருத்தோலைதான் வேண்டும், முற்றின ஓலை மடித்தால் ஒடியும். வெட்டித் தந்த அண்ணன் ஒரு மரத்துக்கு ஒரு குருத்துக்கு மேல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அது சரிதான், மரம் பிழைக்க வேண்டும். ஓலையை வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கைக் கிழித்து நீக்கி, ஒரே அகலத்துக்கு வாருகிறோம். சாயம் ஏற்ற வேண்டியதைக் கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்துகிறோம். முடையும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்தால்தான் ஓலை சொன்ன பேச்சைக் கேட்கும். அடி முடைவது சுலபம். மூலை திருப்புகிற இடத்தில் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே அடுத்த இழையை அடியில் நுழைக்க வேண்டும், விட்டால் மொத்தமும் அவிழும். முதல் வாரம் என் கொட்டான் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. "அவசரப்படாத தாயி, ஓலை உன்ன விட நிதானமானது" என்பார் அந்த அக்கா.

இங்கேதான் பெரிய இழப்பு. முதல் அறுபது கொட்டானை ஈரம் முழுதாய் வற்றும் முன் சாக்குப் பையில் கட்டி வைத்துவிட்டோம். பத்து நாள் கழித்துப் பிரித்தால் அத்தனையிலும் கரும்பூசணம். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவையும் அடுப்பில் போட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் முடைந்ததை எல்லாம் நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, கயிற்றில் கோத்து, காற்றாட உத்தரத்தில் தொங்கவிட்டோம். இன்னொன்று, கணக்கு. எனக்கு வேண்டியது 450. என் கைக்கு நாளைக்கு நாலு, சித்திக்கு ஆறு, அயித்தைக்கு முடிகிற நாளில் ஐந்து. எத்தனை கை, எத்தனை நாள் என்று முதலிலேயே பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். 320இல் நின்றோம், மீதிப் பேருக்கு மஞ்சள் துணிப்பை. உள்ளே வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தோம்.

பந்தலில் எங்களுக்குக் கை கொடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாவும் மாமாமார்களும் கரையில்தான். கடல் காற்றில் ஓலைத் தோரணத்தைச் சணலில் கட்டினால் ஒரு ராத்திரி தாங்காது என்று சொல்லி, வலை நூலில் வலை முடிச்சே போட்டுக் கட்டினார்கள். கல்யாணத்தன்று வீசின காற்றில் ஷாமியானா துணி பிய்ந்தது, தோரணத்தில் ஓலையில் மடித்த ஒரு கிளி கூட உதிரவில்லை.

பழைய பாத்திரங்களை மேடைக்குப் பின்னால் அடுக்கி விளக்குப் போடலாம் என்று ஒரு அலங்காரக்காரர் யோசனை சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. சமைக்கப் பிறந்த அண்டாவில் சமைக்க வேண்டும், பன்னீர்ச் செம்பில் பன்னீர் தெளிக்க வேண்டும். ஆனால் உள்ளே ஈயம் (அச்சு எழுத்தில் இருக்கிற காரீயம் இல்லை, வெள்ளீயம்) பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவரைத் தேடிக் கூட்டிவந்தோம். குழி தோண்டிக் கரி மூட்டி, அண்டா சுட்டதும் நவச்சாரத் தூளை வீசுகிறார், குப்பென்று வெள்ளைப் புகை. ஈயத்துண்டை ஓரத்தில் தொட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினதும் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிட்டது. தெருவே நின்று பார்த்தது. வெளிப்புறத்தைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினது மட்டும் ஒரு வாரம் முன்பே செய்துவிட்டோம், உப்புக்காற்றில் மூன்றே நாளில் கறுத்துப்போய் முந்தின நாள் ராத்திரி மறுபடி விளக்கினோம்.

புடவை சுருக்கமாக. அப்பத்தாவின் பட்டு மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருந்தது. "மடிப்ப மாத்தி மாத்தி வைக்காம விட்டது என் தப்பு தாயி" என்று வருத்தப்பட்டார். ஜரிகைக் கரை மட்டும் நன்றாக இருந்ததால், அதைப் பிரித்தெடுத்துப் பரமக்குடியில் வாங்கின அரக்கு நிறப் புடவையில் வைத்துத் தைத்தோம். பூவுக்குத் தங்கச்சிமடம் மல்லிகை.

பவளமும் நட்சத்திர மீனும் வைத்தால் மேடை கடலோரக் கல்யாணம் மாதிரி இருக்கும் என்று கூடச் சிலர் சொன்னார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளத்தை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம், அதை விட, அந்தப் பாறையில்தான் எங்கள் மீன் குஞ்சு பொரிக்கிறது. தொடவே இல்லை.

சித்தி மகளுக்கு வருகிற தையில் கல்யாணம், அவளும் கொட்டான்தான் கேட்கிறாள். ஐப்பசி மழை பிடித்தால் ஓலை காயாது, புரட்டாசிக்குள் முடைந்து முடித்துவிடு என்று சொல்லி, மீதியிருந்த சாயப்பொடியையும் ஓலை வாருகிற கத்தியையும் அவளிடம் கொடுத்துவிட்டேன்.