நடுவில் ஓர் அட்டை

மேற்கு சிட்னியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓணான் போன்ற ஒரு பிராணி. இரண்டுக்கும் நடுவில் பழைய அட்டை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இரண்டையும் ஒன்றாக விட்டால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமே, பாவம், ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள்?" நானும் அப்படி நினைத்தவன்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பியர்டட் டிராகன் என்று இங்கே சொல்லப்படும் இந்தப் பிராணி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. நம் ஊர் ஓணானின் குடும்பம்தான். கோபம் வந்தால் உப்பிக் கறுக்கும் தாடி மட்டும் கூடுதல். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நாம் சொல்வது இதற்கும் பொருந்தும். உள்நாட்டுச் சாலையோர வேலிக் கம்பத்தின் உச்சியில் வெயில் காய்ந்தபடி, கீழே உள்ள நிலம் முழுவதும் தன்னுடையது என்பதுபோல் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும்.

மாநில அரசின் உரிமம் பெற்று, ஒரே ஈட்டில், அதாவது ஒரே தடவை இட்ட முட்டைகளில், பிறந்த இரண்டு குஞ்சுகளை வாங்கி நான்கடி நீளப் பெட்டி ஒன்றில் விட்டோம். முதல் சில வாரங்கள் அவை வெப்ப விளக்கின் கீழ் இருந்த பாறையில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. என் மகள் அதைப் படமெடுத்து ஊரில் உள்ள அத்தைக்கு அனுப்ப, "எவ்வளவு பாசம் பார்" என்று பதில் வந்தது. அந்தப் பாறையின் மேற்பரப்பு சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கும்; பெட்டியின் மறுமுனை 25 டிகிரிதான். மேலே படுத்தது வெப்பத்தையும், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வகையான யூ.வி.பி. ஒளியையும் முழுவதுமாக வாங்கிக்கொள்ள, கீழே கிடந்ததற்குக் கிடைத்தது உடன்பிறப்பின் நிழல். போதிய வெப்பம் இல்லாவிட்டால் இவற்றுக்குத் தின்றது செரிக்காது, யூ.வி.பி. குறைந்தால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாமல், கால்சியம் சேராமல், தாடையும் கால் எலும்புகளும் மென்மையாகி வளைந்துவிடும். பாசம் என்று நாங்கள் ரசித்தது அப்பட்டமான இடப்பறிப்பு.

சிறியது அவ்வப்போது ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். டாட்டா காட்டுகிறது என்று சிரித்தோம். "உனக்கு நான் அடங்கியவன், என்னை விட்டுவிடு" என்பதற்கான சைகை அது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். காட்டில் அப்படிக் கையசைத்துவிட்டு வேறு புதருக்குப் போய்விடலாம். எங்கள் பெட்டியில் அது போகக்கூடிய அதிகபட்சத் தொலைவு நான்கடி. சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தபோது ஒன்று 96 கிராம், மற்றது 58 கிராம் இருந்தது. ஒரே வயது, ஒரே தட்டு. ஆனால் பெரியது தின்று முடிக்கும்வரை சிறியது தட்டின் பக்கமே வருவதில்லை என்பதை அதன் பிறகே உட்கார்ந்து கவனித்தோம்.

வேறு பெட்டி வாங்கலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே, ஒரு காலையில் சிறியதன் வால் நுனியும் பின்னங்கால் விரல் ஒன்றும் இல்லை. சண்டை நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. பசியோடிருக்கும் குஞ்சு அசைவதை எல்லாம் கவ்வும்; நெளியும் விரல் அதற்குப் புழு மாதிரிதான் தெரியும். பல்லிக்கு வால் திரும்ப வளர்வதைப் போல இவற்றுக்கு வளராது.

"பெண்ணாகப் பார்த்துச் சேர்த்தால் என்ன" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு ஆண்கள் வளர்ந்த பிறகு சண்டையிடும். இரண்டு பெண்களிலும் ஒன்று மற்றதை அடக்கி வைக்கும். ஆணையும் பெண்ணையும் சேர்த்தாலோ, ஆண் ஓயாமல் துரத்திக் கழுத்தைக் கவ்வும். ஒருமுறை சேர்ந்தாலே விந்தைச் சேமித்து வைத்துப் பல ஈடுகள் இடக்கூடிய பெண், ஈட்டுக்கு 20 முட்டை அளவில் இட்டு இட்டுத் தன் கால்சியத்தை எல்லாம் இழக்கும். எச்சத்தின் வழியாகப் பரவும் காக்சிடியா ஒட்டுண்ணியும் அடினோவைரஸும் கூட்டுக் குடித்தனத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு எளிதில் போகும். எது சாப்பிடவில்லை, எதற்கு வயிறு சரியில்லை என்பதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இவை ஒன்றையொன்று கவனிக்காத மந்தப் பிராணிகள் அல்ல. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், தன் இனத்துப் பிராணி கம்பிக் கதவைத் தலையால் தள்ளித் திறப்பதைப் பார்த்தவை தாமும் அதேபோல் திறந்தன, பார்க்காதவை திறக்கவில்லை. கூர்ந்து கவனிப்பது வேறு, கூட இருக்க விரும்புவது வேறு. கூர்மையாகக் கவனிப்பதால்தான் பக்கத்தில் இன்னொன்று இருப்பது இவற்றை இவ்வளவு வாட்டுகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது பெட்டி, விளக்குகள், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டிய யூ.வி.பி. குழாய் என்று செலவு இரட்டிப்பானது உண்மை. அந்தச் செலவு முடியாதவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஒன்று தனியாக இருந்து ஏங்காது. பெட்டியைப் பிரித்த பிறகும் எங்கள் பெரியது கண்ணாடி வழியே சிறியதைக் கண்டு, தாடியைக் கறுக்கி, தலையை வேகமாக ஆட்டிக்கொண்டு கண்ணாடியில் போய் மோதியது. அட்டையைச் செருகிய மறுநாள் அதன் தாடி பழைய மண் நிறத்துக்கு வந்தது. சிறியது இப்போது 340 கிராம். தனக்கென்று கிடைத்த பாறையின் உச்சியில், மொட்டை வாலைத் தொங்கவிட்டபடி காலை முழுவதும் படுத்திருக்கிறது. அது கையசைத்து நாங்கள் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன.