ஹட்டன் கடைக் கணினியில் விட்டுவந்த குக்கி

உயர்தரப் பெறுபேறு வெளியான பிறகு, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்காக என் அண்ணன் மகள் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, ஒரு கொமினிகேஷன் கடையின் கணினியில் தன் ஜிமெயிலைத் திறந்து, வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். மறுநாள் அதே கணினியில் அமர்ந்த அவளது வகுப்புத் தோழி, இவளுடைய அஞ்சல்கள் யாவும் திறந்தபடி கிடப்பதைக் கண்டு அழைத்துச் சொன்னாள். "எல்லாத்தையும் மூடிட்டுத்தானே வந்தேன், அத்தை" என்று அவள் கலங்கியபோது, அடையாள அட்டையின் பிரதியும் அந்த அஞ்சல்பெட்டியில் இருந்ததை எண்ணி எனக்கும் நெஞ்சு பதறியது.

அவள் மூடியது பக்கத்தை மட்டுமே. அந்தத் தளம், குரோம் போன்ற இணைய உலாவியில் வைத்த குக்கி அங்கேயே இருந்தது. இணையத்தளங்கள் இயங்கும் எச்.டி.டி.பி. முறைக்கு இயல்பில் நினைவு கிடையாது. ஒவ்வொரு சொடுக்கையும் அது புதியவரின் வேண்டுகோளாகவே காணும். இக்குறையைத் தீர்க்க நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி 1994 இல் கண்ட வழியே குக்கி. வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் வேறொரு வைத்தியர் இருந்தாலும், நாம் நீட்டும் அட்டையின் இலக்கத்தைக் கொண்டு நம் விபரத்தை எடுத்துவிடுகிறார்கள் அல்லவா? அதுபோலவே தளம் முதல் முறை ஓர் இலக்கத்தை எழுதி உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பக் காட்டுகிறது. ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்குள் அடங்கும் சிறு எழுத்துத் துணுக்கு அது, வைரஸ் அல்ல. ஆனால் அட்டை யார் கையில் இருக்கிறது என்பதைத் தளம் பார்ப்பதில்லை.

உலாவியை மூடியதும் அழியும் குக்கிகளும் உண்டு, குறித்த திகதி வரை நிலைப்பவையும் உண்டு. உள்நுழைவைக் காப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஒரே கைத்தொலைபேசியை லயத்துக் காம்பராவில் நான்கைந்து பேர் பயன்படுத்தும் எங்கள் பக்கத்தில், விளம்பரக் குக்கிகள் இன்னொரு சங்கடத்தைத் தருகின்றன. நாம் பார்க்கும் தளமே வைப்பது ஒன்று. அதில் விளம்பரம் போடும் வேறொரு நிறுவனம் வைப்பது இன்னொன்று. அந்த நிறுவனம் பல தளங்களில் இருப்பதால், மகள் ஒரு தளத்தில் இரகசியமாகத் தேடிய மருந்தின் விளம்பரம், தகப்பன் செய்தி வாசிக்கும் பக்கத்தில் வந்து நிற்கக்கூடும். அப்பிளின் உலாவியான சபாரி 2020 முதல் இத்தகைய வெளியார் குக்கிகளைத் தானாகவே தடுக்கிறது. குரோமில் அவற்றை நீக்கப்போவதாக அறிவித்திருந்த கூகுள் 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டதால், குரோம் பாவிப்போர் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று தாமே தடுக்க வேண்டும். பெரும்பாலான தளங்கள் அதன்பின்னும் வழக்கம்போலவே இயங்கும். நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்று கேட்கும் பட்டையில் மறுக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். தளம் இயங்கத் தேவையானவை எப்படியும் இருக்கும்.

கடைக் கணினியில் முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, குரோமின் இன்கொக்னிட்டோ சாளரத்தைத் திறந்துகொள்ளலாம். அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடியதும் அதன் குக்கிகள் போய்விடும், தரவிறக்கிய கோப்புகள் மட்டும் தங்கிவிடும். சாதாரண சாளரத்தில் வேலை செய்திருந்தால் முதலில் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், டிலீட் அழுத்தி வரும் பெட்டியில் குக்கிகளை அழிக்க வேண்டும். சொந்தத் தொலைபேசியில் அழிக்கும்போது, தளங்களைப் பார்க்கும்போது உலாவி சேமித்துவைத்த படங்களுக்கான தெரிவை நீக்கிவிடுங்கள். அவையும் அழிந்தால் மீண்டும் இறங்குவதற்கு டேட்டா செலவாகும்.

அன்றிரவே என் தொலைபேசியில் அவளது கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் இருந்த கடைக் கணினியை வெளியேற்றி, கடவுச்சொல்லையும் மாற்றினோம். மறுநாள் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, உலாவியை மூடும்போதெல்லாம் குக்கிகள் தாமாக அழியும் அமைப்பைக் காட்டினேன். அவர் முகம் சுளிக்காமல், எங்கள் கண்முன்னே மூன்று கணினிகளிலும் அதை மாற்றிவைத்தார்.