தூண் மறைத்த கோல்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் மைதானத்துக்கு வருவோம். சனிக்கிழமை ரயில் பாதையில் ஏதோ வேலை, வண்டி ஓடவில்லை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம்தான். ஏறும்போது 15 பவுண்டு என்றவர், இறங்கும்போது "இன்றைக்குக் கூட்டம்" என்று 28 கறந்துவிட்டார். அதுவும் லண்டனின் பட்னி பாலத்தோடு சரி, அதற்கு மேல் வண்டி போகாதாம்.

ஆனால் நடந்ததில் லாபம்தான். தேம்ஸ் கரையோரம், பிஷப்ஸ் பூங்கா வழியாக, மரநிழலில் போகிற அந்தப் பாதைக்குக் காசு கிடையாது. பூங்கா தாண்டினால் வரிசையாக வீடுகள், எதிரே நீளமாக ஒரு சிவப்புச் செங்கல் சுவர். ஏதோ பழைய பள்ளிக்கூடம் என்றே நினைத்தேன். அதுதான் கிராவன் காட்டேஜ், ஃபுல்ஹாம் கால்பந்து அணியின் மைதானம். இந்தப் பக்கத்து ஸ்டாண்டும் (பார்வையாளர் அரங்கு) மூலையில் இருக்கும் காட்டேஜ் என்ற சிறு கட்டடமும் 1905இல் ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற பொறியாளர் கட்டியவை.

நான் வந்தது ஆட்டத்துக்காக இல்லை, இந்த மனிதருக்காக. 1865இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஆரம்பத்தில் தொழிற்சாலைகள்தான் அவர் பிழைப்பு. இலங்கையில் தெல்தோட்டைத் தேயிலை ஃபேக்டரிகளுக்குக்கூட வரைபடம் போட்டிருக்கிறார்! அப்புறம் 1899இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தைக் கட்டும் வேலை கைக்கு வந்தது. 1902 ஏப்ரல் 5, அங்கே ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடித்த படிவரிசை திடீரென்று உடைய, நின்றிருந்தவர்கள் அந்த ஓட்டை வழியாகக் கீழே போனார்கள். 25 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் காயம்.

வேறொருவராக இருந்தால் அத்தோடு கடையைக் கட்டியிருப்பார். இவர் பலகையை விட்டார், கெட்டியான மண்மேட்டில் படி அமைத்தார், நெரிசலைத் தாங்கத் தடுப்புக் கம்பி நட்டார். எவர்டன், டாட்டன்ஹாம், ஆஸ்டன் வில்லா என்று பல அணிகளின் இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்களில் அவர் கை பட்டிருக்கிறது. அத்தனை உயிர் போன பிறகும் இவரை எப்படி நம்பினார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உள்ளே மடக்கு மர நாற்காலிகள், கை பட்டுப் பட்டு வழுவழுவென்று. என் முழங்கால் முன்சீட்டில் இடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 60 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய இடத்துக்கு நேர் முன்னால் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்! ஒரு பக்கத்து கோல் கம்பமே தெரியவில்லை. தூணில்லாமல் கூரை போட அந்தக் காலத்தில் வசதி பத்தாது, புரிகிறது. ஆனால் என் 60 பவுண்டுக்கு அது புரியுமா?

முதல் கோல் விழுந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன். பக்கத்துப் பெரியவர் சிரித்தார். "பந்து அந்தப் பக்கம் போனால் இடதுபுறம் சாய்ந்துகொள்ளுங்கள், தம்பி. நான் முப்பது வருஷமாகச் சாய்கிறேன்" என்றார்.

இரண்டாம் பாதியில் இருவரும் சேர்ந்தே சாய்ந்தோம். கோல்தான் விழவில்லை.