ரேங்கா காசா: மூத்தவ காலேஜ் தேடின வருஷத்து டைரி

செப்டம்பர் 14, 2024

இந்த வாரம் நேஷனல் மெரிட்ங்கற, அமெரிக்கா முழுக்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடக்கற ஸ்காலர்ஷிப் போட்டியோட செமிஃபைனலிஸ்ட் லிஸ்ட் வந்துச்சு, மூத்தவ பேரு இருக்கு. போன வருஷம் அக்டோபர்ல ஸ்கூல்லயே எழுதின பிஎஸ்ஏடி பரீட்சையை வச்சுதான் இது, இதுக்குன்னு 228-க்கு ஒரு ஸ்கோர் போடுவாங்க, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கட்-ஆஃப் மாறும், எங்க நியூ ஜெர்சி எப்பவுமே உச்சத்துல இருக்கற ஸ்டேட்கள்ல ஒண்ணு. நாடு முழுக்க 16,000 பேர் கிட்டதான் இந்த லிஸ்ட்ல வருவாங்க. திருச்சிக்கு ஃபோன் போட்டு சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்ப ஹார்வர்டாம்மா?" ஹார்வர்ட் மாதிரி ஐவி லீக்னு சொல்ற அந்த எட்டு பழைய பெரிய காலேஜ் எதுவுமே மார்க்குக்காக ஸ்காலர்ஷிப் தர்றதில்லப்பா, வீட்டு வருமானத்தை பாத்துதான் தருவாங்க, எங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னேன். அவருக்கு அது புரியவே இல்ல. நல்லா படிக்கற பிள்ளைக்கு காசு தரமாட்டாங்களான்னு திரும்பத் திரும்ப கேட்டாரு. நியாயமான கேள்விதான்.

அக்டோபர் 20

ஞாயித்துக்கிழமை முழுக்க டைனிங் டேபிள்ல லேப்டாப்பும் கணக்கும். அவளுக்கு ஏரோஸ்பேஸ்தான் வேணும், ஏழாவது படிக்கும்போதுலேர்ந்து அதே பேச்சு. ஒவ்வொரு காலேஜ் சைட்லயும் நெட் பிரைஸ் கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்கு, 2011-லேர்ந்து சட்டப்படி கட்டாயம், நம்ம வருமானத்தை போட்டா நம்ம கையிலேர்ந்து எவ்வளவு போகும்னு காட்டும். வெளி ஸ்டேட் பிள்ளைக்கு மிஷிகன் யுனிவர்சிட்டி வருஷத்துக்கு 80,000 டாலர் கிட்ட. எங்க ஸ்டேட் யுனிவர்சிட்டி ரட்கர்ஸே சொந்த ஸ்டேட் பிள்ளைக்கு டார்மும் (ஹாஸ்டல்) சாப்பாடும் சேத்து 35,000 கிட்ட போகுது. 529-ங்கற காலேஜ் சேமிப்புக் கணக்குல நாங்க இத்தனை வருஷமா போட்டு வச்சிருக்கறது ரட்கர்ஸுக்கு தாராளமா காணும், மிஷிகனுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்காது, அதுவும் சின்னவனுக்கு ஒரு பைசா மிச்சம் வைக்காம. மீதிக்கு பேரன்ட் ப்ளஸ்னு பெத்தவங்க பேர்ல கவர்மென்ட் தர்ற லோன் எடுத்தா இந்த வருஷ வட்டி 9.08 சதவீதம். இவர் அந்த நம்பரை பாத்துட்டு எதுவும் சொல்லல, எழுந்து போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தாரு.

அப்பறம்தான் அவளே ஒரு பேஜை திறந்து காட்டினா. அலபாமா யுனிவர்சிட்டி, டஸ்கலூஸா. நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்ட்டா வந்து அவங்களை முதல் சாய்ஸா போட்டா அஞ்சு வருஷம் வரைக்கும் டியூஷன், நாலு வருஷம் டார்ம் ரூம், மேல வருஷா வருஷம் கொஞ்சம் ஸ்டைபெண்ட். சாப்பாடும் பிளேன் டிக்கெட்டும்தான் பெரிசா நம்ம பொறுப்பு.

நவம்பர் 24

கவர்மென்ட் படிப்பு உதவிக்கு போடற ஃபாஃப்ஸா ஃபார்ம் இந்த வருஷமும் லேட்டாதான் எல்லாருக்கும் திறந்தாங்க, போன வியாழக்கிழமை. போட்டு முடிச்சாச்சு, நாங்க நினைச்ச மாதிரியே உதவி ஒண்ணும் கிடையாது.

ஒரு பர்த்டே பார்ட்டிக்கு போயிருந்தோம். அலபாமான்னு சொன்ன உடனே ஒரு அண்ணா, "அது ஃபுட்பால் ஸ்கூல் ஆச்சேம்மா, ரேங்க் என்ன?"ன்னு கேட்டாரு. நூறையும் தாண்டி கீழதான்னு சொன்னேன். முகம் மாறிடுச்சு, பாவம் பொண்ணுன்னு வேற சொன்னாரு.

ராத்திரி தூக்கம் வராம இதையே யோசிச்சேன். நம்ம ஆளுங்களுக்கு ரேங்க் மேல ஏன் இவ்வளவு பிடிப்புன்னா, நம்ம ஊர்ல ரேங்கும் காசும் ஒரே பக்கம் போகும். அண்ணா யுனிவர்சிட்டி கிண்டி கேம்பஸ்ல கவுன்சிலிங்ல சீட் கிடைச்சா ஃபீஸும் கம்மி, பேரும் பெரிசு. கட்-ஆஃப் குறைய குறைய தனியார் காலேஜ், மேனேஜ்மென்ட் கோட்டான்னு காசு ஏறும். அதனால காசு கம்மியா இருக்கற இடத்துக்கு நல்ல மார்க் பிள்ளை போறது அங்க இயல்பு. இங்க அப்படியே தலைகீழ். மேல இருக்கறவன் கூட்டம் தானா வருதுன்னு முழு விலை கேக்கறான், கொஞ்சம் கீழ இருக்கறவன் நல்ல பிள்ளைங்க வேணும்னு காசு கொடுத்து கூப்பிடறான். நம்ம ஊர் கணக்கை அப்படியே இங்க கொண்டு வந்து போட்டா வீட்டு மேல கடன் ஏறும். அந்த அண்ணாகிட்ட இதை சொல்லியிருக்கணும்னு இப்பவும் தோணுது.

பிப்ரவரி 9, 2025

மிஷிகன் கிடைச்சிருக்கு! கத்தினா, அழுதா, தம்பியை கட்டிப்பிடிச்சா. நாட்டுலயே முதல் முதலா ஏரோநாட்டிக்ஸ் பாடம் வச்ச இடம் அது, 1914-ல. ஸ்காலர்ஷிப் லெட்டர் எதுவும் வரல.

இந்த மாசமே நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்ட்னும் உறுதி ஆயிடுச்சு.

பிப்ரவரி 22

அலபாமா ஏன் இவ்வளவு கொடுக்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துட்டே இருந்துச்சு, அதை தோண்டி படிச்சேன். 2008 சரிவுக்கப்பறம் பல ஸ்டேட்ல கவர்மென்ட் யுனிவர்சிட்டிக்கு தர்ற பணத்தை வெட்டிட்டாங்க. அலபாமா வெளி ஸ்டேட் பிள்ளைங்களை தேடிப் போய் சேக்க ஆரம்பிச்சுச்சு, இப்ப அங்க பாதிக்கு மேல வெளி ஸ்டேட் பிள்ளைங்கதான். அதுல நிறைய பேர் பெரிய ஃபீஸ் கட்டறாங்க, நல்ல ஸ்கோர் பிள்ளைங்க கொஞ்சம் பேருக்கு கொடுத்து இழுத்தா வகுப்போட தரமும் ஏறுது, பேரும் ஏறுது. ஒளிவு மறைவு இல்லாத வியாபாரம்தான், நமக்கு சரியா வந்தா எடுத்துக்கலாம்.

ரேங்க் எப்படி போடறாங்கன்னும் படிச்சேன். எல்லாரும் பாக்கற யூஎஸ் நியூஸ் பத்திரிகையோட காலேஜ் ரேங்க் லிஸ்ட்ல 20 சதவீதம், மத்த காலேஜ் பெரியவங்க இந்த காலேஜை பத்தி என்ன நினைக்கறாங்கங்கற சர்வே. 2022-ல கொலம்பியா யுனிவர்சிட்டி அந்த லிஸ்ட்டுக்கு கொடுத்த டேட்டா சரியில்லன்னு அங்கயே வேலை பாக்கற கணக்கு ப்ரொஃபசர் மைக்கேல் தாடியஸ் எழுதினாரு, ரெண்டாவது இடத்துல இருந்தது பதினெட்டுக்கு போச்சு. பாடம் நடத்தினவங்க அதே ஆளுங்கதானே. இன்னொண்ணு, டேல், க்ரூகர்னு ரெண்டு எகனாமிஸ்ட் 2002-ல போட்ட ஆய்வு, ஒரே மாதிரி திறமை உள்ள பிள்ளைங்கள்ல பெரிய காலேஜுக்கு போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் பிற்காலத்துல சம்பளம் பெரிசா வித்தியாசப்படலன்னு. ஏழை வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும் பெரிய காலேஜ் உதவுதுன்னும் அதுல இருக்கு, அதையும் சேத்து சொல்றதுதான் நேர்மை.

மார்ச் 29

நேத்து டஸ்கலூஸா. பர்மிங்காம்ல இறங்கி ஒரு மணி நேர டிரைவ். வழியில வான்ஸ்ல மெர்சிடிஸ் ஃபேக்டரி ரோட்லேர்ந்தே தெரியுது, இவர் காரை ஸ்லோ பண்ணி பாத்தாரு.

எஞ்சினியரிங் பில்டிங்ல ரேஸ் கார் செய்யற ஷாப்புக்கு கூட்டிட்டு போனாங்க. கையெல்லாம் பிசின் ஒட்டின ஒரு பையன், பாதி செஞ்ச மூக்குப் பகுதியை தூக்கி இவ கையில கொடுத்தான், ஒரு பக்கம் கார்பன் ஃபைபர் துணி மாதிரி இழை இழையா தெரியுது, மறுபக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு. "முதல் வருஷத்துலயே தொட விடுவீங்களா?"ன்னு கேட்டா. முதல் வாரமே வான்னான். அங்கயே நின்னுட்டா, டூர் ஆளுங்க எங்களை விட்டுட்டு போயிட்டாங்க. ஹன்ட்ஸ்வில்ல நாசாவோட மார்ஷல் சென்டர் இருக்கு, நிலாவுக்கு ஆளை அனுப்பின சாட்டர்ன் 5 ராக்கெட் உருவான இடம், இன்டர்ன்ஷிப்புக்கு அங்க போற பிள்ளைங்க உண்டுன்னு ப்ரொஃபசர் சொன்னாரு.

மத்தியானம் நானே கேட்டு ஃபாஸ்டர் ஆடிட்டோரியம் போனோம். 1963 ஜூன் 11, கறுப்பின மாணவங்க விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் ரெண்டு பேரும் சேர வந்தப்ப கவர்னர் வாலஸ் வழி மறிச்சு நின்ன வாசல் அது. அதுக்கு முன்னாடி 1956-ல இங்க முதல் கறுப்பின மாணவியா ஆதரின் லூசி வந்தாங்க, கும்பல் கலவரம் பண்ணவும் யுனிவர்சிட்டி அவங்களை சில நாள்லயே வெளியே அனுப்பிடுச்சு. இப்ப அந்த வாசல் முன்னாடி இவங்க பேர்ல பிளாசாவும் மணிக்கூண்டும் இருக்கு. நம்ம நிறத்துல ஒரு பொண்ணை தனியா அனுப்பற அம்மாவா எனக்கு அங்க நின்னு பாக்கணும்னு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு கறுப்பினப் பொண்ணுகிட்ட நேராவே கேட்டேன், இங்க எப்படிம்மா இருக்குன்னு. நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு முதல்ல ஆளுங்க வேணும், நல்ல மார்க் பிள்ளைங்க தங்கற ஹானர்ஸ் டார்ம்ல கிடைப்பாங்கன்னா. பூசி மெழுகாம சொன்னது பிடிச்சிருந்துச்சு. 2011 டொர்னாடோ இந்த ஊரை கிழிச்சுட்டு போயிருக்கு, டார்ம்ல சைரன் அடிச்சா எங்க போகணும்னும் கேட்டு எழுதிக்கிட்டேன்.

ஏப்ரல் 13

முடிவு அவளோடதுதான்னு விட்டுட்டோம், ஆனா நம்பர் எல்லாத்தையும் மறைக்காம முன்னாடி வச்சோம், எவ்வளவு கடன், மாசம் எவ்வளவு, தம்பிக்கு என்ன மிஞ்சும்னு. மூணு நாள் யார்கிட்டயும் சரியா பேசல. இன்னைக்கு கார்ல வரும்போது, "மிஷிகனுக்கு மாஸ்டர்ஸ் போறேன்மா, அப்ப அவங்க காசு தரட்டும்"னா. குரல் கொஞ்சம் உடைஞ்சுது. மூணு வருஷமா ஆசைப்பட்ட இடம், வருத்தம் இல்லாம எப்படி இருக்கும். நான் எதுவும் சமாதானம் சொல்லல.

மே 1

டெபாசிட் கட்டியாச்சு, மிஷிகனுக்கு வரலன்னு அவளே எழுதிட்டா. ஸ்காலர்ஷிப் நிலைக்கணும்னா ஜிபிஏ (4-க்கு போடற சராசரி மார்க்) 3.0-க்கு கீழ போகக்கூடாது, எஞ்சினியரிங்ல அது சும்மா இல்லன்னு அவளுக்கும் தெரியும். அப்பாகிட்ட சொன்னேன், "காசு கொடுத்து கூப்பிடறாங்கன்னா பிள்ளை மேல மதிப்பு இருக்குன்னுதானே அர்த்தம்"னாரு. ஸ்கூல்லயே காலேஜ் அளவு பாடம் எழுதி வாங்கின ஏபி கிரெடிட் நிறைய இருக்கறதால டிகிரி சீக்கிரம் முடியும், டியூஷன் அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கே, அதுக்குள்ள மாஸ்டர்ஸும் சேத்து முடிக்க முடியுமான்னு ரெண்டு பேரும் உக்காந்து கோர்ஸ் லிஸ்ட் பாத்துட்டு இருக்காங்க, இவரும் அவளும். பர்மிங்காம் பக்கத்துல பெல்ஹாம்ல கோயில் இருக்காம், மாசம் ஒரு தடவையாவது நல்ல சாப்பாட்டுக்கு வழி. ரைஸ் குக்கர் டார்ம்ல விடுவாங்களான்னு நாளைக்கு ஃபோன் பண்ணி கேக்கணும்.